முறைப்பாட்டாளரா, பாதிக்கப்பட்டவரா, 'வழக்குத் தொடுத்த பெண்'ணா? பாலியல் குற்ற வழக்குகளில் எந்தச் சொல்லை எங்கே எழுதுவது

செய்திமேசை | காலை 8.40

திருகோணமலை நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறவர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரே வழக்கைப் பற்றி மூன்று இணையத்தளங்களில் வரும் செய்தியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆள் ஓரிடத்தில் 'பாதிக்கப்பட்ட யுவதி', அடுத்ததில் 'குறித்த குடும்பப் பெண்', இன்னொன்றில் 'வழக்குத் தொடுத்த பெண்'. கடைசிப் பந்தியில் 'கற்பழிக்கப்பட்டதாகக் கூறப்படும் பெண்' ஆகிவிடுவார். எதிராளிக்கு மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை 'சந்தேகநபர்' என்ற ஒரே சொல்.

எது சட்டப்படி சரி, எது பிழை, எது பிழையில்லாவிட்டாலும் கெடுதல் செய்கிறது? நீதிமன்றம், பொலிஸ், ஆஸ்பத்திரிப் பக்கம் விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கறுப்புக்கோட் | காலை 9.15

பிழையானதை முதலில் வெட்டுவோம். 'வழக்குத் தொடுத்த பெண்' என்பது சட்டப்படி பிழை. மேல் நீதிமன்றத்தில் வழக்கைத் தொடுப்பவர் சட்டமா அதிபர். அந்தப் பெண் வழக்கின் தரப்பே அல்ல, சாட்சி. அதனால் 'வழக்கை வாபஸ் வாங்கினார்' என்ற செய்தியும் பிழை. வல்லுறவு தரப்புகள் பேசி இணங்கித் தீர்க்கக்கூடிய குற்றம் இல்லை. வாபஸ் வாங்க அவரிடம் எதுவும் இல்லை.

இந்தப் பிழையின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. பழைய சட்டப் புத்தகங்கள் அவரைப் 'புரொசிகியூட்ரிக்ஸ்' என்றன. வழக்குத்தொடுநர் என்ற சொல்லின் பெண்பால் அது. இங்கிலாந்தில் ஆட்கள் தாங்களே குற்ற வழக்குத் தொடுத்த காலத்துப் பெயர். அரசு வழக்கைக் கையில் எடுத்த பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதையே தமிழாக்கினால் அந்தப் பெண் ஆரையோ பழிவாங்கக் கோட்டுக்கு ஏறினமாதிரி ஒரு தொனி வந்துவிடும்.

சரியான பெயர் கட்டத்துக்குக் கட்டம் மாறும். பொலிஸில் முறைப்பாட்டாளர். நீதவான் நீதிமன்றத்துக்கு பீ அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) போகும்போதும் அதுவே. மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வாசித்த பிறகு வழக்குத்தொடுநர் தரப்புச் சாட்சி, பெரும்பாலும் முதலாம் சாட்சி. மற்றப் பக்கத்தில் சந்தேகநபர், பிறகு எதிரி, தீர்ப்புக்குப் பிறகு மட்டும் குற்றவாளி. ('எதிரி' என்று கேட்டால் தமிழ்நாட்டு ஆட்கள் திடுக்கிடுகிறார்கள். எங்கள் நீதிமன்றத் தமிழில் அது எதிர்த்தரப்பில் நிற்பவர், அவ்வளவுதான்.)

'பாதிக்கப்பட்டவர்' பற்றி: அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஆளைச் சுற்றவாளி (குற்றமற்றவர்) என்று ஊகிக்கச் சொல்கிறது. தீர்ப்புக்கு முதல் நாள் ஒருவரைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதினால் பாதிப்பு நடந்தது என்று நாங்களே தீர்ப்பெழுதியதாகும். இலண்டன் பொலிஸின் ஒரு விசாரணையை 2016இல் மீளாய்வு செய்த நீதிபதி ஹென்ரிக்ஸும் விசாரணைக் கட்டத்தில் 'முறைப்பாட்டாளர்' என்ற சொல்லையே பாவிக்கச் சொன்னார்.

மூன்றாம்வாங்கு | காலை 9.32

அண்ணை, முறைப்பாடு குடுத்தது தாய், நடந்தது பிள்ளைக்கு எண்டால் முறைப்பாட்டாளர் ஆர்?

கறுப்புக்கோட் | காலை 9.41

நல்ல கேள்வி தம்பி. அங்கேதான் கனபேர் வழுக்கி விழுவது. முதல் தகவல் கொடுத்தவர் தாய். நீதிமன்றத்தில் 'வேர்ச்சுவல் கொம்ப்ளெய்னன்ட்' என்று சொல்வது பிள்ளையை, அதாவது முறைப்பாடு உண்மையில் ஆருடையதோ அவரை. செய்தியில் 'முறைப்பாடு செய்த தாய்', 'சிறுமி' என்று இரண்டு பேராகப் பிரித்து எழுதுங்கள். அந்த ஆங்கிலச் சொல்லை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு 'மெய்நிகர் முறைப்பாட்டாளர்' என்று எழுதிய பந்தியும் உலாவுகிறது. கணினிக்குள் இருந்து ஆவி வந்து முறைப்பாடு கொடுத்தமாதிரி.

உப்புவெளிக்காற்று | காலை 10.20

'முறைப்பாட்டாளர்' எனக்கும் சரி. ஆனால் நடுநிலை என்ற பெயரில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. 'வல்லுறவுக்கு உள்ளானதாகக் கூறப்படும் பெண், தன்னைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்படும் நபர் மீது முறைப்பாடு செய்ததாகத் தெரிவிக்கப்படுகிறது.' ஒரு வசனத்தில் மூன்று சந்தேகம். என்.சி. வீதியில் ஒரு கடை உடைபட்டால் 'கொள்ளையிடப்பட்டதாகக் கூறும் கடைக்காரர்' என்று ஆரும் எழுதுவதில்லை. முறைப்பாடு செய்தது நடந்த உண்மை. அதற்கு 'தெரிவிக்கப்படுகிறது' தேவையில்லை. நிரூபிக்க வேண்டியது குற்றம். ஐயத்தை அந்த ஓரிடத்தில் மட்டும் வையுங்கள்: 'தன்னை வல்லுறவுக்கு உட்படுத்தினார் என ஒருவர் மீது பெண் ஒருவர் முறைப்பாடு செய்துள்ளார்.' எதிரிக்கும் அநியாயமில்லை, அவவுக்கும் இல்லை.

இன்னொன்று. பெயர்ச்சொல்லைப் பிடித்துச் சண்டை போடுகிறோம், வினைச்சொல்லை விட்டுவிடுகிறோம். 'பெண் வல்லுறவுக்கு உள்ளானார்', 'ஆளானார்', 'இரையானார்' என்ற வசனங்களில் செய்தவன் இல்லவே இல்லை. காய்ச்சலுக்கு ஆளானமாதிரி, வெள்ளத்தில் அகப்பட்டமாதிரி. 'உட்படுத்தப்பட்டார்' என்றால் ஒருவன் செய்தது என்று தெரிகிறது, ஆனால் ஆள் மறைவில் நிற்கிறான். 'உட்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு' என்றால்தான் கண் செய்தவன் பக்கம் திரும்புகிறது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது லேசு. அந்த லேசு ஆருக்கு உதவுகிறது என்று பாருங்கள்.

'பாதிக்கப்பட்டவர்' எல்லா இடத்திலும் பிழையும் இல்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்பு தரும் சட்டம் 2015இல் வந்தது (4ஆம் இலக்கம்). 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. அதன் கீழ்ப் பாதுகாப்புக் கேட்டு எழுதும் மனுவில் அந்தச் சட்டத்தின் சொல்லையே எழுத வேண்டும். 'தப்பிப்பிழைத்தவர்' என்ற சொல்லை ஆதரவு நிறுவனங்கள் பாவிக்கின்றன. அது அவர்கள் தங்களைத் தாங்களே அழைக்க எடுத்த சொல். ஆளைக் கேட்காமல் மற்றவர் ஒட்டிவிடுவதும் சரியில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஓகஸ்ட்டில் வெளியிட்ட கைநூலும் இந்த இரண்டு சொல்லில் எதை எடுப்பது என்பதை அந்த ஆளின் விருப்பத்துக்கு விடச் சொல்கிறது.

முதலியார்வாசல் | மதியம் 12.05

நீங்கள் எல்லாரும் கடைசிப் படியில் நின்று கதைக்கிறீர்கள். சொல் பழுதாவது அதற்குக் கனதூரம் முன்னால்.

இந்த மாவட்டத்தில் ஒரு வாக்குமூலம் போகும் வழியைப் பாருங்கள். பெண் தமிழில் சொல்கிறார். எழுதும் உத்தியோகத்தருக்குத் தமிழ் மட்டுமட்டு என்றால் சிங்களத்தில் எழுதப்படும். வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் அது மறுபடி தமிழாகும். சட்டமா அதிபர் திணைக்களத்துக்கும், பிறகு புதுக்கடை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் ஆங்கிலமாகும். ஒரு வாய்ச்சொல், மூன்று பெயர்ப்பு.

ஒரு மாதிரி வசனம் (எந்த வழக்கிலிருந்தும் எடுத்ததல்ல):

அவர் சொன்னது: 'வாயைப் பொத்திப்போட்டு என்னோட பிழையா நடந்தவன்.'

சிங்களத்தில் எழுதியது, அதன் பொருள்: பலாத்காரமாக 'லிங்கிக அபயோஜனய' (பாலியல் துஷ்பிரயோகம்) செய்தார்.

மீண்டும் தமிழில்: 'என்னைப் பலவந்தமாகப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உட்படுத்தினார்.'

வாய் பொத்தியது எங்கே போனது? 'பலவந்தம்' என்ற சொல்லுக்குள் போய்விட்டது. நாலைந்து வருடம் கழித்து அவர் கூண்டில் நின்று 'வாயைப் பொத்தினவர்' என்று சொல்வார். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: 'பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் இதை நீர் சொல்லவில்லை?' அது விடுபாடு. அவர் சொன்னதுதான், தாள் சொல்லவில்லை. அதோடு 'நீர் துஷ்பிரயோகம் என்று சொன்னீரா?' என்று கேட்டால் 'இல்லை' என்பார், ஏனென்றால் அப்படி ஒரு சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. இப்போது அது முரண்பாடு.

இப்படிச் சறுக்கும் சொற்கள் இன்னும் இருக்கின்றன.

'கூட்டிக்கொண்டு போனவன்' சிங்களத்தில் 'பெஹெரகென கியா' ஆகி, தமிழுக்கு வரும்போது 'கடத்திச் சென்றார்' ஆகிவிடும். பிறகு 'மூதூர் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீற்றில் இருந்துதானே போனீர், கத்தினீரா?' என்ற கேள்வி வரும். பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையைச் சட்டபூர்வ பாதுகாவலரின் பொறுப்பிலிருந்து ஆசைகாட்டிக் கூட்டிப்போனாலே குற்றம்தான், பலாத்காரம் தேவையில்லை. பிள்ளை சொன்னபடி எழுதியிருந்தால் போதும். பெரிய சொல் போட்டதால்தான் பிள்ளை பொய் சொன்னதாகத் தெரிகிறது.

'தூஷணய'. சிங்களத்தில் 'ஸ்திரீ தூஷணய' என்றால் வல்லுறவு. எங்கள் தமிழில் தூஷணம் என்றால் கெட்ட வார்த்தை. 'தூஷணம் செய்தார்' என்று எழுத்துப் பெயர்த்தால் ஏசினார் என்று வாசிப்பார்கள். சிரிக்க வேண்டாம், அவசரத்தில் கை தவறும் இடம் இது.

செய்ய வேண்டியது என்ன? குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் (1979இன் 15ஆம் இலக்கம்) 109ஆம் பிரிவு, தகவலை அது தரப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும் என்கிறது. முடியாவிட்டால் முறைப்பாட்டாளரையே எழுதித்தரச் சொல்ல வேண்டும். அதுவும் முடியாவிட்டால்தான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவராக இருந்தால் 'நானே தமிழில் எழுதித் தாறன்' என்று கேட்பதே நல்லது. கையெழுத்துக்கு முதல் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். விடுபட்டது தெரிந்தால் கீழே 'மேலும் சொல்வது' என்று சேர்ப்பிக்கலாம். அந்த இரண்டு வரி பிறகு ஒரு முழுநாள் குறுக்கு விசாரணையை மிச்சம் பிடிக்கும்.

எழுதுகிறவருக்கு: 'பிழையா நடந்தவன்' என்றால் அதை அப்படியே மேற்கோளில் எழுதுங்கள். அடுத்த வரியில் 'பிழையா எண்டால் என்ன செய்தவர்?' என்று கேட்டு வரும் பதிலையும் அப்படியே எழுதுங்கள். 'வல்லுறவு செய்தாரா?' என்று நீங்கள் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. சட்டப் பெயர் வைப்பது அவருடைய வேலை இல்லை. 'பிழையா நடந்தது' தண்டனைச் சட்டக்கோவையின் 345 (பாலியல் தொந்தரவு) ஆகவும் இருக்கலாம், 365பீ (பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்) ஆகவும் இருக்கலாம், 363 (வல்லுறவு) ஆகவும் இருக்கலாம். எது என்பது என்ன நடந்தது என்ற விபரத்தில் தங்கியிருக்கிறது.

வெள்ளைமணல் | பிற்பகல் 1.10

முதலியார் சொன்னதோட ரெண்டு சேர்க்கிறன்.

ஒண்டு, உறவுமுறை. 'மாமா' என்று பிள்ளை சொன்னால் உம்மாட நானாவா, மாமிட மாப்பிள்ளையா, பக்கத்து வளவு ஆளா? சிங்களத்திலும் 'மாமா'தான், ஆங்கிலத்தில் 'அங்கிள்' ஆகிக் கரைஞ்சு போகும். 'சித்தப்பா' தமிழ் வீட்டில் தகப்பனின்ட தம்பியும்தான், சின்னம்மாட புருஷனும்தான், சில இடத்தில் தாயின் ரெண்டாவது கணவரும்தான். 364ஏ தகாப் புணர்ச்சிப் பிரிவு பொருந்துமா இல்லையா என்பது இதில்தான் நிக்குது. அதால பிள்ளை சொன்ன சொல்லை எழுதிப்போட்டு அதுக்குப் பக்கத்தில 'தாயின் உடன்பிறந்த சகோதரர்' என்று விளக்கமும் எழுதணும்.

ரெண்டு, நேரம். 'பின்னேரம்' என்று இங்க சொல்றது மூணு மணிக்கும் ஆகும், ஆறரைக்கும் ஆகும். மணி தெரியாத பிள்ளையிட்ட மணி கேட்டு '4.30' என்று எழுதினா அது பிறகு கழுத்தில கயிறு. 'அசர் பாங்கு சொல்லி முடிஞ்ச பிறகு', 'ரியூசன் விட்டு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கக்க' என்று பிள்ளை சொன்னதை எழுதினா அது ஆடாது அசையாது.

ஸ்டெதஸ்கோப் | பிற்பகல் 2.25

மருத்துவப் பக்கம். பொலிஸ் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தோடு ஆள் வருவார். அவர் சொல்லும் சுருக்கமான வரலாற்றை வைத்தியர் எழுதுவார். அதுவும் பிறகு கோட்டில் வாக்குமூலத்தோடு ஒப்பிடப்படும், ஆகவே முதலியார் சொன்ன விதி இங்கேயும் பொருந்தும்: அவருடைய வாய்ச்சொல், மேற்கோளில்.

அறிக்கையில் தமிழாக்கம் கெடும் இடங்கள் மூன்று.

'ஒத்துப்போகிறது' என்று வைத்தியர் சொல்வது 'இப்படி நடந்திருந்தால் இந்தக் காயம் வரலாம்' என்ற அளவுக்குத்தான். செய்தியில் அது 'வைத்திய அறிக்கையில் வல்லுறவு உறுதி' ஆகிறது. வல்லுறவு சட்டச் சொல், அதை வைத்தியர் உறுதிசெய்ய முடியாது. சம்மதம் இருந்ததா என்பதைக் கண்ணாடி வைத்தும் பார்க்க முடியாது.

மறுதலையாக, 'காயம் இல்லை' என்பது 'சம்பவம் நடக்கவில்லை' ஆகிறது. காயமில்லாமலும் நடக்கும். வளர்ந்த பிள்ளைகளிலும் பெரியவர்களிலும் கன்னிச்சவ்வு அப்படியே இருப்பது எதையும் மறுக்காது. நாள் போனால் சிறு காயம் தடமில்லாமல் ஆறிவிடும்.

மூன்றாவது மோசமானது. 'பழைய, ஆறிய கிழிவு' என்ற கண்டறிவை 'பழக்கப்பட்டவர்' என்று எழுதுவது. அது உடற்கூறு இல்லை, ஒழுக்கச் சான்றிதழ். இந்திய உச்ச நீதிமன்றம் இருவிரல் பரிசோதனையை (யோனியில் விரல் விட்டுப் 'பழக்கம்' பார்ப்பது) 2013இல் உரிமை மீறல் என்றது. 2022இல் அதைச் செய்பவர் நடத்தைக் குற்றம் புரிந்தவர் என்றே சொன்னது. உலக சுகாதார நிறுவனமும் 2018இல் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, அது நிறுத்தப்பட வேண்டும் என்று அறிவித்தது.

சின்ன விடயம் ஒன்று. 'வந்தவர் குளித்து உடை மாற்றியிருந்தார்' என்று எழுதினால் அது தகவல். 'தடயங்களை அழித்திருந்தார்' என்று எழுதினால் குற்றச்சாட்டு. இரண்டும் அதே தண்ணீர்தான்.

செய்திமேசை | பிற்பகல் 3.05

நல்லது. இப்ப எங்கள் பக்கத்துக் குப்பையை நானே கொட்டுறன்.

'கற்பழிப்பு' அநேகமான மேசைகளில் போய்விட்டது, 'வல்லுறவு' வந்துவிட்டது. ஆனால் தலைப்பில் இடம் போதாதபோது 'சீரழித்த', 'நாசம் செய்த', 'சின்னாபின்னமாக்கிய' என்று பின்கதவால் திரும்பி வருகிறது. எல்லாவற்றிலும் பழுதாகிப் போவது அவள். 'வல்லுறவு' ஐந்து எழுத்து, 'சீரழிப்பு'ம் ஐந்து எழுத்து. இடமில்லை என்பது சாட்டு.

'பாலியல் சேட்டை', 'அங்க சேட்டை' இன்னும் உயிரோடு இருக்கிறது. சேட்டை என்பது மாமரத்தில் கல்லெறியும் பொடியன் விடுவது. பஸ்ஸில் ஒருவன் பெண்ணின் உடம்பில் கை வைத்தால் அது தண்டனைச் சட்டக்கோவை 345இன் கீழ்ப் பாலியல் தொந்தரவு. அதைவிடக் கடுமையானது 365பீ, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். எந்தப் பிரிவு என்று பொலிஸிடம் கேட்டு எழுதினால் சொல் தானாகச் சரிவரும்.

கடைசியாக, 'சிறுமியுடன் குடும்பம் நடத்திய இளைஞன் கைது'. பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் குடும்பத்தை நடத்துவது?

மூன்றாம்வாங்கு | பிற்பகல் 3.18

கற்பு எண்ட சொல்லிலயும் ஒரு பகிடி இருக்கு. தொல்காப்பியத்தில களவு, கற்பு ரெண்டும் காதல் வாழ்க்கையின்ட ரெண்டு கட்டம். கரணத்தோட கலியாணம் முடிச்சு வாழுறது கற்பு. உடம்பில ஒட்டியிருக்கிற சாமான் இல்லை. அதைச் சாமானாக்கி, பிறகு அதை 'அழிச்சான்' எண்டு எழுதினது பின்னுக்கு வந்த ஆக்கள்.

கறுப்புக்கோட் | பிற்பகல் 4.00

'குடும்பம் நடத்திய' பற்றி. 363ஆம் பிரிவின்படி பதினாறு வயதுக்குக் கீழே சம்மதம் பொருட்டே இல்லை. ஆகவே 'விருப்பத்துடன்', 'காதலன்', 'உறவில் இருந்தனர்' என்ற சொற்கள் குற்றம் நடந்ததா என்ற கேள்விக்குத் தொடர்பற்றவை. ஆனால் தண்டனையைத் தீர்மானிக்கும் கட்டத்தில் தொடர்பு வந்துவிட்டது. 2008இல் மேல் நீதிமன்றமொன்று அனுப்பிய வினாவுக்கு இலங்கை உயர் நீதிமன்றம் (உச்ச நீதிமன்றம்), கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் தற்றுணிபை, அதாவது தானே முடிவெடுக்கும் அதிகாரத்தை, தடுக்காது என்றது. அதன் பிறகு ஒத்திவைத்த சிறைத்தண்டனைகளும் வருகின்றன. அதனால் 'காதல்' என்ற சொல் தீர்ப்புக்குள் நுழையும்போது அதற்கு எடை உண்டு. செய்தியாளர் எழுதினால்: எதிர்த்தரப்புச் சட்டத்தரணி 'காதல் தொடர்பு' என வாதிட்டார். மேற்கோளில், ஆர் சொன்னது என்று குறித்து. உங்கள் சொந்தச் சொல்லாக அல்ல.

பெரியவர்களின் வழக்கில் நுட்பம் வேறு. 'எதிர்க்கவில்லை', 'பணிந்துபோனார்', 'சம்மதித்தார்' மூன்றும் மூன்று விடயம். 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம், பொலிஸ் நிலையத்துக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், உடம்பில் காயமில்லை என்பதிலிருந்து இணக்கம் என்ற முடிவுக்குப் போனது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், 1983இல் சட்டமே மாறியது. எங்கள் 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தம், எதிர்ப்பைக் காட்டும் உடற்காயம் சம்மதமின்மையை நிரூபிக்க அவசியமில்லை என்று 363க்கு விளக்கமே சேர்த்திருக்கிறது. ஆகவே 'காயங்கள் எதுவும் காணப்படவில்லை' என்பதைச் செய்தியின் முதல் பந்தியில் தூக்கி வைப்பவர் சட்டத்துக்கு முப்பது வருடம் பின்னால் நிற்கிறார்.

இன்னொரு பழைய பாரம். 1895 சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்தியாவின் 1872 சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் 155ஆம் பிரிவில், வல்லுறவு வழக்கில் அந்தப் பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவர் என்று காட்டலாம் என்ற வாசகம் வந்தது. இந்தியா அதை 2002 திருத்தத்தால் வெட்டிவிட்டது. 'சாட்சியின் நடத்தை' என்று எங்கள் செய்திகளில் வரும் பூடகச் சொல்லுக்கு மூலம் அந்த வாசகம்தான்.

உப்புவெளிக்காற்று | பிற்பகல் 4.22

ஆதாரம் பற்றியும் சொல்லுங்கோ சேர். 'ஒத்துறுதிச் சான்று (சாட்சி சொன்னதை உறுதிசெய்யும் வேறு ஆதாரம்) இல்லை' என்ற வசனத்தை வாசிக்கிற சனம், சாட்சி பொய் என்று விளங்குது.

கறுப்புக்கோட் | பிற்பகல் 4.40

சரிதான். சாட்சியச் சட்டத்தின் 134, எந்த விடயத்தை நிரூபிக்கவும் குறிப்பிட்ட எண்ணிக்கைச் சாட்சிகள் தேவையில்லை என்கிறது. 1986இல் அறிக்கையிடப்பட்ட மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, பாலியல் குற்றத்தில் பெண்ணின் தனிச் சாட்சியத்தில் தங்குவது ஆபத்தானது என்று எச்சரித்தாலும், அது நம்பத்தக்கதாக இருந்தால் தனியே அதை வைத்தே முடிவெடுக்கலாம் என்றது. செய்தியாளர்கள் முதல் பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இங்கிலாந்து அந்தக் கட்டாய எச்சரிக்கையை 1994இல் நீக்கிவிட்டது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். குறுக்கு விசாரணையில் கடுமையான கேள்வியே கேட்கக் கூடாது என்று சொன்னால் அது எதிரியின் உரிமையில் கைவைப்பது. முரண்பாட்டைச் சுட்டுவது என் வேலை.

உப்புவெளிக்காற்று | பிற்பகல் 4.58

கடுமை வேறு, சொல் வேறு. 'அந்த இடத்தில் உங்களுக்கு வெளிச்சம் இருந்ததா?' கடுமையான கேள்விதான். 'ராத்திரியில் நீர் ஏன் அங்கே போனீர்?' என்பதில் கேள்வி இல்லை, தீர்ப்பு இருக்கிறது. எதிரியிடம் அப்படி ஆரும் கேட்பதில்லை.

முதலியார்வாசல் | மாலை 5.30

'நீர்' பற்றி யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். சாட்சியை 'நீர்' என்பதும், பிள்ளையை 'நீ' என்பதும், எதிரியைப் பற்றி 'அவர்' என்பதும் ஒரே மண்டபத்தில் நடக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாம் 'யூ', அதனால் மேன்முறையீட்டில் இந்த ஏற்றத்தாழ்வு தெரியவே தெரியாது. எல்லாரையும் 'நீங்கள்' என்று வைத்தால் ஒரு செலவும் இல்லை.

தட்டச்சுப் பதிவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கேள்வி 'கே', பதில் 'ப' என்று போகும். சாட்சி பேசாமல் நின்றால் என்ன எழுதுவது? 'பதில் இல்லை' என்றால் பதில் அவரிடம் இல்லை என்று வாசிக்கலாம். 'பதிலளிக்க மறுக்கிறார்' என்றால் ஒளிக்கிறார் என்று வாசிக்கலாம். 'சாட்சி மௌனமாக நிற்கிறார்' என்பதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தலையாட்டினால் 'ஆம்' என்று எழுதக் கூடாது. 'தலையை மேலும் கீழும் அசைக்கிறார்' என்று எழுதி, வாயால் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். கையால் உடம்பைக் காட்டினால் எந்த இடம் என்று பதிவில் வர வேண்டும். 'இங்கே' என்ற சொல் தாளில் எந்த இடமும் இல்லை.

மூன்றாம்வாங்கு | மாலை 5.44

பொடியன்மாருக்கு நடந்தால்?

முதலியார்வாசல் | மாலை 5.52

363 ஆண் பெண்ணுக்குச் செய்வதை மட்டும் சொல்கிறது. பையன்களின் முறைப்பாடு பெரும்பாலும் 365பீயில் வரும், அது ஆண் பெண் பார்ப்பதில்லை. 'பாதிக்கப்பட்ட பெண்' என்று எல்லாப் படிவத்திலும் முன்கூட்டியே அடித்து வைத்திருப்பவர்கள் 'ஆள்' என்று மாற்றிவிடலாம்.

செய்திமேசை | மாலை 6.20

கடைசியாக அடையாளம். 365சீ: முறைப்பாட்டாளரின் பெயரையோ, அவரை இனங்காட்டக்கூடிய 'எந்த விடயத்தையோ' அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். அவர் எழுத்தில் அனுமதித்தால் வேறு. பெயரை விட்டுவிட்டேன், போதாதா?

உப்புவெளிக்காற்று | மாலை 6.41

போதாது தம்பி. 'ஈச்சிலம்பற்றுப் பகுதியில் பாடசாலை ஒன்றில் தரம் 10இல் கற்கும், மீன்பிடித் தொழிலாளியின் இரண்டாவது மகள்' என்று எழுதினால் பெயர் எழுதாதது ஒரு மரியாதைக்குத்தான். ஊர் சின்னது. வயது, வகுப்பு, தகப்பனின் தொழில், கிராமம் நாலில் ஒன்றுக்கு மேல் போட்டால் சந்தையில் நிற்பவருக்கே ஆள் தெரிந்துவிடும். 'கிழக்கு மாகாணத்தில், 16 வயதுக்குக் குறைந்த சிறுமி' போதும்.

குடும்பத்துக்குள் நடந்தது இன்னும் சிக்கல். 'தந்தை கைது' என்று எழுதித் தந்தையின் பெயரையும் போட்டால் பிள்ளையின் பெயரைப் போட்டதற்குச் சமன். ஒன்றை விடத்தான் வேண்டும். எதிரியின் பெயரைப் போட்டால் உறவை விடுங்கள், உறவைப் போட்டால் பெயரை விடுங்கள். ஆனால் நீங்கள் பெயரை விட்டு உறவைப் போட, மற்றத் தளம் உறவை விட்டுப் பெயரைப் போட்டால், இரண்டையும் வாசிப்பவர் பொருத்திப் பார்த்துவிடுவார். ஆகவே இந்த மாவட்டத்துச் செய்தியாளர்கள் தங்களுக்குள் ஒரே முறையை முடிவுசெய்வது நல்லது. என் கருத்து, உறவைப் போட்டுப் பெயரை விடுவது.

வெள்ளைமணல் | மாலை 6.55

ராத்தா சொன்னது சரி. செய்திக்குக் கீழ வாற கருத்துப் பெட்டியையும் பூட்டுங்க. நீங்க விட்டதை அங்க வந்து ஒராள் எழுதிப்போட்டுப் போவான்.

செய்திமேசை | இரவு 7.30

சரி, ஒரு மாதிரித் தலைப்பை எடுத்துத் திருத்திப் பார்த்தன்.

முன்: 'காதலனுடன் குடும்பம் நடத்திய 15 வயது மாணவி சீரழிப்பு: சம்பூரில் கயவன் கைது'

பின்: '16 வயதுக்குக் குறைந்த சிறுமியை வல்லுறவுக்கு உட்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 24 வயது நபர் கைது'

நீளம் கூடிவிட்டது. எங்க வெட்டலாம்?

கறுப்புக்கோட் | இரவு 7.42

'24 வயது'. அது ஆருக்கும் தேவையில்லை.

உப்புவெளிக்காற்று | இரவு 7.50

இல்லை சேர், அது இருக்கட்டும். பதினைந்துக்கும் இருபத்துநாலுக்கும் இடையில் இருக்கிற ஒன்பது வருடத்தைத்தானே 'காதலன்' என்ற சொல் இவ்வளவு காலமும் மறைத்து வைத்தது. 'என்ற குற்றச்சாட்டில்' என்பதை 'எனக் குற்றச்சாட்டு' என்று சுருக்கலாம்.